செங்கல்லைக் கற்றளி ஆக்கிய பெரியபிராட்டி

சென்ற வாரம், தக்கோலப் போரில் யானைமீது இருந்தபடியே சோழ இளவரசன் இராசாதித்தன் உயிர்விட்டதைப் பார்த்தோம். 949இல் நடந்த அந்தப் போர், சோழர் குடும்பத்தின் பட்ட வரிசையையே மாற்றிவிட்டது. முதலாம் பராந்தகனின் அடுத்த மகன் கண்டராதித்தன் அரியணை ஏறினார். போர்க்களத்தைவிடத் தில்லைச் சிற்றம்பலத்தில் அதிகம் மனம் வைத்தவர் அவர். தில்லைக் கூத்தன்மீது அவர் பாடிய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பாவாக இடம்பெற்றிருக்கிறது. அவருடைய தேவிதான் மழவரையர் மகளாரான செம்பியன் மாதேவி.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்த அம்மையார் புதியவர் அல்லர். ஆனால் கல்வெட்டுகளில் நாம் சந்திப்பவர், கண்ணை மூடிச் சிவநாமம் சொல்லிக்கொண்டிருந்தவர் மட்டுமல்ல. நிலம், பொன், விளக்கு, அமுதுபடி என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்துக் கோயில்களை நடத்தத் தெரிந்தவர். அவருடைய பக்தி பெரும்பாலும் கட்டுமானமாகவும் நிவந்தமாகவுமே வெளிப்பட்டது.

கண்டராதித்தர் அதிக காலம் ஆளவில்லை. அவர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் சிறு குழந்தை என்பது அறிஞர்கள் கருத்து. ஆட்சி கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயனுக்கும், பிறகு அவர் மகன் சுந்தர சோழனுக்கும் போயிற்று. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். 970ஐ ஒட்டி மதுராந்தகன் உத்தம சோழன் என்ற பெயரில் முடி சூடினார். இத்தனை கொந்தளிப்புக்கும் நடுவே விதவைத் தாயாக அரண்மனையில் இருந்தவர் செம்பியன் மாதேவி. கல்வெட்டுகள் அவரை 'உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த' பிராட்டியார் என்று குறிப்பிடுகின்றன.

மகன் காலத்தில்தான் அவருடைய திருப்பணி முழு வேகம் பெற்றது. தேவாரம் பாடப்பெற்ற பல தலங்கள் அன்று செங்கல் தளிகளாகவே இருந்தன. மழையும் காவிரி வெள்ளமும் அவற்றைக் கரைத்துவந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றளி ஆக்கினார். திருநல்லம் என்ற கோனேரிராசபுரம், குத்தாலம், ஆடுதுறை, திருக்கோடிகாவல், திருவாரூர் அரநெறி, திருமுதுகுன்றம் என்ற விருத்தாசலம் என்று பட்டியல் நீள்கிறது.

இவற்றில் கோனேரிராசபுரத்தை நின்று பார்க்க வேண்டும். அக்கோயிலைக் கணவர் பெயரால் எழுப்பினார். தென்சுவரில், கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தைச் செதுக்கி, அதன் கீழே விவரத்தையும் வெட்டச் செய்தார். கோயிலைக் கட்டிய சாத்தன் குணபட்டனையும் மறக்கவில்லை. அவருடைய உருவமும், 'ராஜகேசரி மூவேந்தவேளான்' என்று அவர் பெற்ற பட்டமும் அதே கோயிலில் உள்ளன. கட்டியவரின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோகும் நம் கலை வரலாற்றில் இது அரிய மரியாதை.

அவர் கோயில்களில் தேவகோட்டங்கள் பெருகின. முன்பு கருவறையைச் சுற்றிச் சில உருவங்களே இருந்த இடத்தில் பிள்ளையார், அகத்தியர், பிட்சாடனர், அர்த்தநாரி, துர்க்கை எனப் பலர் வந்து சேர்ந்தனர். அர்த்த மண்டபத்தின் தென்சுவரில் ஆடவல்லானுக்கு நிலையான இடம் கிடைத்தது. கணவர் பாடிய கூத்தனை மனைவி கல்லில் நிலைநிறுத்தினார் என்று சொன்னால் மிகையில்லை. வார்ப்புக் கலையிலும் அவர் காலத்துப் படிமங்களின் மெலிந்த இடையையும் நீண்ட உடலையும் கண்டதும் 'செம்பியன் மாதேவி பாணி' என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ள புகழ்பெற்ற தேவி படிமம் இவரையே குறிக்கிறது என்று கருதுவோரும் உண்டு.

மாமியாராகவும் அவர் மதிக்கப்பட்டார். நாகப்பட்டினம் பகுதியில் அவர் பெயரையே தாங்கிய செம்பியன்மாதேவி என்ற ஊரின் கைலாசநாதர் கோயிலில், அவர் பிறந்த சித்திரைக் கேட்டை நாளைக் கொண்டாட உத்தம சோழனின் தேவியர் நிவந்தம் அளித்தார்கள். மருமகள்கள் சேர்ந்து மாமியார் பிறந்தநாளுக்குக் கொடை எழுதிவைப்பது எந்தக் காலத்திலும் அபூர்வம்தான்!

985இல் சுந்தர சோழனின் இளைய மகன் இராசராசன் அரசரானார். உத்தமனின் மகன், அதாவது செம்பியன் மாதேவியின் சொந்தப் பேரன் மதுராந்தகன் கண்டராதித்தன் பட்டத்துக்கு வரவில்லை. தாத்தாவின் பெயரைத் தாங்கிய அந்தப் பேரன், இராசராசனின் ஆட்சியில் கோயில் காரியங்களை ஆராயும் பொறுப்பில் இருந்தார். பாட்டியிடம் பயின்ற தொழில் அது என்றே தோன்றுகிறது. இராசராசனுக்கும் செம்பியன் மாதேவி பாட்டி முறைதான். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தேர்ந்த சிற்பிகளும் நிர்வாகப் பழக்கமும் தயாராக இருந்ததில் இந்த அம்மையாரின் பங்கு பெரிது.

941இல் உய்யக்கொண்டான் திருமலையில் நந்தா விளக்கு வைத்தது முதல் 1001 வரை, அறுபது ஆண்டுகள் அவர் பெயர் கல்வெட்டுகளில் வருகிறது. ஆறு அரசர்களின் ஆட்சியைக் கண்டவர். 1019இல், இராசேந்திரன் காலத்தில், செம்பியன்மாதேவி ஊர்க் கோயிலில் அவருக்கே படிமம் எடுத்து வழிபாட்டுக்கு வழி செய்தார்கள்.

அவர் பணிகளில் என்னை மிகவும் வியக்க வைப்பது திருக்கோடிகாவல். பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளி எழுப்பியபோது, அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைத் தூக்கி எறியவில்லை. பழங்கல்லில் இருந்ததன் படி என்ற குறிப்போடு புதிய சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். பல்லவர், பாண்டியர் காலச் செய்திகள் அதனால்தான் நமக்குக் கிடைத்தன. இன்று திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுமீது வண்ணம் பூசுபவர்களும், மணல் பீய்ச்சி எழுத்தை அழிப்பவர்களும் அவசியம் ஒருமுறை திருக்கோடிகாவல் போய்வர வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கிறதென்றால், முதலில் சுவரில் உள்ள எழுத்துகளைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை மறைக்க வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: இராசராசனின் தமக்கை குந்தவையார்.