மே மாசம் வஞ்சிரம் கேட்டால் எங்கே போவது? நெய்வேலி ஓட்டல்காரர்களுக்கு 12 மாத மீன் கணக்கு

நெய்வேலி:

நிலக்கரி கிடைக்கும், கரண்ட் கிடைக்கும், கடல் மட்டும் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், நெய்வேலி டவுன்ஷிப், மந்தாரக்குப்பம், இந்திரா நகர், ஆர்ச் கேட் என எந்தப் பக்கம் போனாலும் மீன் குழம்பு வாசனை மூக்கைத் துளைக்கும். கடலூர் துறைமுகம் குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக ஒரு மணி நேர தூரம்தான். அதிகாலை ஏலத்தில் எடுத்த மீன், காலை டிபன் முடிவதற்குள் இங்கே வந்து இறங்கி விடும்.

அப்புறம் ஏன் சில நாள் மீன் மணக்குது, சில நாள் நாறுது?

விஷயம் ரொம்ப சிம்பிள். கடலுக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. ஓட்டல் மெனு கார்டுக்கு அது தெரியாது. வருஷம் 365 நாளும் "வஞ்சிரம் வறுவல்" என்று அச்சடித்து வைத்து விட்டால், கடலில் மீன் இல்லாத நாளில் எங்கிருந்தாவது, எத்தனை நாள் பழசாவது கொண்டு வந்துதானே ஆக வேண்டும்? நஷ்டம் ஓட்டல்காரருக்கு, அவஸ்தை சாப்பிடுபவருக்கு.

மெஸ், ஓட்டல், கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள், வீட்டுக்கு வாங்குபவர்கள் எல்லோருக்கும் உதவும் மாதவாரி விவரம் வருமாறு:-

தை முதல் பங்குனி வரை: திட்டம் போட்டு வாங்கலாம்

வடகிழக்கு பருவமழை ஓய்ந்து கடல் அடங்கும் நேரம் இது. ஜனவரி பாதியில் இருந்து ஏப்ரல் 14 வரை விசைப்படகுகள் தடங்கல் இல்லாமல் தொழிலுக்குப் போகும். சங்கரா, பாறை, வாளை, பன்னா, கிழங்கான், கடம்பா என்று பல ரகமும் ஏலத்துக்கு வரும்.

மழை வெள்ளம் வெள்ளாறு, கொள்ளிடம் வழியாக கடலில் கலக்கும்போது முகத்துவாரத்தில் வளர்ந்த இறால் கடலுக்கு இறங்கும். அதனால் மழைக்குப் பிந்தைய மாதங்களில் இறாலை எதிர்பார்க்கலாம். பரங்கிப்பேட்டை, முடசல்ஓடை பக்கம் நண்டும் வரும். அமாவாசையை ஒட்டி பிடிக்கிற நண்டில் சதை கெட்டி, பவுர்ணமி நண்டு தண்ணி என்பது மீனவர்கள் சொல்லும் கணக்கு. எப்படி இருந்தாலும் நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். பார்க்க பெருசு, தூக்கினால் லேசு என்றால் அது தோல் உரித்த நண்டு. காசு வேஸ்ட்.

இந்த சீசனில் இரண்டு நாளை மட்டும் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். அன்று கிராக்கி எகிறும். இன்னொன்று தைப்பூசம். வள்ளலார் நினைவு நாள் என்பதால் அன்று இறைச்சிக் கடைகள் மூடல். வடலூர் பக்கத்திலேயே இருப்பதால் நெய்வேலி முழுக்க அன்று சைவம்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை: தடைக்காலம்

மீன்கள் முட்டையிட்டு குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் தமிழக கிழக்கு கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. 2001-ல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது. 2017-ல் 61 நாளாக கூட்டப்பட்டது. இந்த நாட்களில் கடலூர், பரங்கிப்பேட்டை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவதும், படகுக்கு பெயிண்ட் அடிப்பதும்தான் வேலை. மீனவர் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் 5 ஆயிரம் ரூபாயாக இருந்தது. அது 8 ஆயிரமாக உயர்த்தப்படும் என்று 2023-ல் அறிவிப்பு வந்தது.

அப்போ மீனே கிடையாதா என்றால், அப்படி இல்லை. தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகு, கட்டுமரத்துக்கு இல்லை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா, ராசாப்பேட்டை பகுதியில் இருந்து இவர்கள் கரையோரம் போய் வருவார்கள். காலையில் போன படகு அன்றைக்கே திரும்பும். அதனால் பெரிய மீன் குறைவு, ஆனால் கிடைக்கிறது அசல் பிரெஷ். நெத்திலி, கவலை, கிழங்கான், மடவை, கொஞ்சம் நண்டு இவைதான் இந்த இரண்டு மாதத்துக்கு கை கொடுக்கும்.

இதே நேரத்தில்தான் கோலா மீன் சீசன். மே, ஜூன், ஜூலையில் சோழமண்டலக் கரையில் கூட்டம் கூட்டமாக வரும் பறக்கும் மீன் இது. இலை, தழைக் கட்டுகளை கடலில் மிதக்க விட்டால் அதில் முட்டையிட கோலா வந்து சேரும், அப்போது பிடிப்பார்கள். கோலா குழம்பு, கோலா வறுவல் என்று போர்டு வைத்தால், வஞ்சிரம் இல்லையே என்று வாடிக்கையாளர் முகம் சுளிக்க மாட்டார்.

மே மாசம் இங்கே வரும் பெரிய மீன் பெரும்பாலும் மேற்கு கடற்கரை சரக்கு. கேரளா, கர்நாடகா பக்கம் அப்போது தடை இல்லை. லாரியில் ஐஸ் போட்டு வரும். தப்பில்லை. ஆனால் நேற்று பிடித்த மீன் என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

உஷார்! ஜூன் முதல் 2 வாரம்

வருஷத்திலேயே ரொம்ப கவனமாக இருக்க வேண்டிய நாட்கள் இவை. மேற்கு கடற்கரையில் தடை ஜூன் 1-ல் தொடங்கி ஜூலை 31 வரை. கேரளாவில் டிராலிங் தடை ஜூன் 9 நள்ளிரவில் இருந்து 52 நாள். நம்ம பக்கம் ஜூன் 14 வரை தடை நீடிக்கும். ஆக, ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்க கடலிலும் பெரிய படகுகள் ஓய்வில் இருக்கும் நாட்கள் வந்து விடும்.

அந்த நேரத்தில் பெட்டி பெட்டியாக பெரிய வஞ்சிரம், வவ்வால் வந்து இறங்கினால், இது எந்த ஊர் மீன், எப்போ பிடிச்சது என்று கேளுங்கள். குளிர்பதன கிடங்கு சரக்காக இருக்கலாம். கிடங்கு மீன் என்று சொல்லி விற்றால் தப்பில்லை. வேறு வில்லங்கமும் உண்டு. 2018 ஜூனில் கேரள எல்லையான வாளையாறில் பார்மலின் தடவிய மீன், இறால் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. பிணம் கெடாமல் இருக்க பயன்படுத்தும் ரசாயனம் அது. உணவில் சேர்க்க சட்டப்படி அனுமதியே கிடையாது. பிடிபட்டது எந்த மாதம் என்று பாருங்கள். தட்டுப்பாடு வந்தால் தகிடுதத்தமும் கூடவே வரும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம் பார்மலினை நிமிடங்களில் கண்டுபிடிக்கும் சோதனை அட்டையை அந்த ஆண்டுதான் அறிமுகம் செய்தது.

ஏரி மீனும் கை கொடுக்கும்

கடல் மூடிய நாளில் ஏரி இருக்கிறது. காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் ஏரி. கொள்ளிடம் கீழணையில் இருந்து வடவாறு வழியாக காவிரி தண்ணீர் வருகிறது. கெண்டை, விரால், கெளுத்தி கிடைக்கும். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற மீன் பிடிப்பது சுலபம். சரியாக கடல் தடைக்கும் அதுக்கும் ஒத்துப்போகிறது.

நம்ம பக்கத்திலேயே வடலூர் அருகே வாலாஜா ஏரி, குறிஞ்சிப்பாடி அருகே பெருமாள் ஏரி உண்டு. நிலக்கரி வெட்டுவதற்காக சுரங்கத்தில் இருந்து ராத்திரி பகலாக வெளியேற்றும் தண்ணீர் பரவனாறு, வாலாஜா ஏரி வழியாக போகிறது. கரண்ட் எடுக்கிற சுரங்கமே மீனுக்கும் தண்ணீர் விடுகிறது. ஆனால் இதில் ஒரு சர்ச்சையும் உண்டு. நெய்வேலி சுற்று வட்டார தண்ணீர், மண்ணில் பாதரசம் உள்ளிட்டவை அளவுக்கு மேல் இருப்பதாக பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா அமைப்புகள் 2023-ல் அறிக்கை வெளியிட்டன. தேசிய பசுமை தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. எனவே ஏரி மீன் வாங்கும்போது எந்த ஏரி என்று கேட்டு வாங்குவது நல்லது.

இறால் மட்டும் வேண்டும் என்றால் பண்ணை வன்னாமி இருக்கிறது. 2009-ல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்த ரகம். ஒரே சைஸ் கிடைப்பதால் பிரியாணிக்கு வசதி. கடல் தடைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 15 முதல் ஆவணி வரை: களை கட்டும் நேரம்

தடை முடிந்து படகுகள் கரை திரும்பும் முதல் நாள் கடலூர் துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வஞ்சிரம், சங்கரா, பாறை, வவ்வால், கடம்பா, இறால், நண்டு எல்லாம் ஒருசேர வரும். இரண்டு மாசம் காத்திருந்த கூட்டம் மொத்தமாக பாய்வதால் முதல் சில நாள் விலை கிடுகிடு. அவசரப்படாதீர்கள். ஓட்டல்காரர்கள் ஒரு வாரம் பொறுத்து பெரிய ஆர்டர் போடுவது புத்திசாலித்தனம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஜூலை 31 வரை கேரளாவில் மீன் தட்டுப்பாடு. அங்கிருந்து வியாபாரிகள் இங்கே வந்து ஏலம் எடுப்பார்கள். அதனால் ஜூலையில் மீன் நிறைய வந்தாலும் விலை ரொம்ப இறங்காது. ஆகஸ்டில் அந்தப் பக்கம் கடல் திறந்த பிறகு கானாங்கெளுத்தி, மத்தி லாரி லாரியாக வரும். அப்போ விலை மூச்சு விடும்.

புரட்டாசி: வாங்குபவருக்கு யோகம்

மீன் விலையை கடல் மட்டும் தீர்மானிக்காது. பஞ்சாங்கமும் தீர்மானிக்கும். செப்டம்பர் 17 வாக்கில் புரட்டாசி பிறந்தால் பாதி வீட்டில் அசைவம் கட். ஆனால் கடலுக்கு புரட்டாசி தெரியாது. படகு போகும், மீன் வரும், வாங்க ஆள் இருக்காது. அசைவம் சாப்பிடும் வாடிக்கையாளர்கள் இருக்கிற ஓட்டல்களுக்கு நல்ல மீன் நல்ல விலையில் கிடைக்கும் மாதம் இதுதான். மாசத்தின் மற்ற நாட்களிலும் இதே கதை. வெள்ளி, செவ்வாயில் கிராக்கி குறைவு. ஞாயிற்றுக்கிழமை உச்சம். ஓட்டலுக்கு வாங்குபவர்கள் ஞாயிறு ஏலத்தில் போட்டி போடுவதை விட மற்ற நாளில் மெனு வைத்தால் லாபம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: புயல் கூண்டைப் பாருங்கள்

பருவமழை காலம். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை கூண்டு ஏறினால் படகு இறங்காது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்தை புரட்டிப் போட்டது. 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. இந்த மாதிரி நேரத்தில் நாள் கணக்கில் மீன் வரத்து நின்று போகும். கல்யாண ஆர்டரில் இந்த மீன்தான் போடுவோம் என்று எழுதிக் கொடுத்து மாட்டிக் கொள்ளாதீர்கள். கிடைக்கும் மீன் என்று பேசி வையுங்கள்.

பிச்சாவரம் சதுப்பு நில பகுதியின் சேற்று நண்டு, மடவை கொஞ்சம் சமாளிக்க உதவும். கோடையில் நல்ல வெயிலில் காய்ந்த கருவாடு இருந்தால் மழைக்கு அதை விட பெரிய விருந்து இல்லை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் மாலை, முருகன் பாதயாத்திரை என்று கிராக்கியும் பாதியாகி விடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* செவுள் ரத்த சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பு என்றால் பழசு.

* கண் பளிச்சென்று துருத்தி இருக்க வேண்டும். குழி விழுந்து மங்கி இருந்தால் வேண்டாம்.

* விரலால் அழுத்தினால் சதை பழையபடி எழும்ப வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் தள்ளி விடுங்கள்.

* ஈயே மொய்க்கவில்லை, மருந்து மாதிரி நெடி அடிக்குது என்றால் சந்தேகப்படுங்கள்.

* துண்டு போட்ட மீனை வாங்காதீர்கள். முழு மீனைப் பார்த்து, கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். வஞ்சிரம் என்ற பெயரில் வேறு மீன் தலையில் கட்டப்படாமல் இருக்கும்.

* இறாலில் தலை கழன்று தொங்கக் கூடாது. தலை, தோல் எடுத்தால் ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும். அதை வைத்து தட்டு விலையை போடுங்கள்.

* 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் கணக்கு. நம்ம வெயிலுக்கு அதுக்கு குறைந்தால் வடலூர் வருவதற்குள் மீன் வாடி விடும். ஐசை உடைத்து அடியிலும் மேலேயும் போட வேண்டும்.

* கானாங்கெளுத்தி, சூரையை ஐஸ் இல்லாமல் வைத்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். எவ்வளவு வேக வைத்தாலும் அது போகாது. முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி எல்லாம் இதனால்தான். அலர்ஜி என்று நினைத்து ஏமாந்து போவார்கள்.

இத்தனை கணக்கும் பார்க்க நேரம் இல்லை என்றால் ஒரே ஒரு வழி. மெனு கார்டில் மீன் பெயரை அடித்து விட்டு, வாசலில் கரும்பலகை வையுங்கள். "இன்றைய மீன்" என்று தினமும் சாக்பீசால் எழுதுங்கள். வஞ்சிரம் வந்தால் வஞ்சிரம், கவலை வந்தால் கவலை. மே மாசம் வஞ்சிரம் கேட்டு வருபவரிடம், "இப்போ கடல் லீவுங்க, கோலா இருக்கு, சாப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். ஒரு தடவை பிரெஷ் மீன் சாப்பிட்டவர் மறுபடி தேடி வருவார். முட்டை மீனும் கடலில் பிழைக்கும், அடுத்த வருஷமும் நமக்கு மீன் கிடைக்கும்.