நெஞ்சுவலி: படுக்கையருகே செய்யப்படும் ட்ரோபோனின் பரிசோதனை

நெஞ்சுவலியுடன் மருத்துவமனைக்கு வருபவருக்கு, வந்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்கப்பட வேண்டும். அதனைத் தொடர்ந்து செய்யப்படும் இரத்தப் பரிசோதனையே ட்ரோபோனின் பரிசோதனையாகும்.

ட்ரோபோனின் என்பது யாது?

இது இதயத் தசையில் உள்ள ஒரு புரதம். மாரடைப்பினால் தசை சேதமடையும்போது இப்புரதம் இரத்தத்தில் கலக்கிறது.

பரிசோதனை முறை

நோயாளியிடமிருந்து எடுக்கப்படும் சில துளி இரத்தம், பரிசோதனை அட்டையிலோ கையடக்கக் கருவியிலோ இடப்படுகிறது. மாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்பாமலேயே, பொதுவாக 15 முதல் 20 நிமிடங்களில் முடிவு கிடைக்கும்.

"இல்லை" என்ற முடிவு போதுமா?

போதாது. இதயத் தசை சேதமடைந்தவுடன் ட்ரோபோனின் அளவு உயர்ந்துவிடுவதில்லை. அட்டைப் பரிசோதனையில் அது தென்படுவதற்குப் பல மணி நேரம் ஆகலாம். வலி தொடங்கிய ஒரு மணி நேரத்தில் வருபவருக்கு, மாரடைப்பு இருந்தும் முதல் முடிவு "இல்லை" என வரக்கூடும். எனவே, சுமார் 3 முதல் 6 மணி நேரம் கழித்து இப்பரிசோதனை மீண்டும் செய்யப்படுகிறது. இசிஜியும் தேவைக்கேற்ப மீண்டும் எடுக்கப்படுகிறது. வலி குறைந்துவிட்டது என்பதற்காக இடையில் வீடு திரும்புதல் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

"உண்டு" என்ற முடிவு எப்போதும் மாரடைப்பா?

இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோய், இதயத் தசை அழற்சி, நுரையீரல் இரத்தக்குழாய் அடைப்பு, கடுமையான நோய்த்தொற்று ஆகியவற்றிலும் ட்ரோபோனின் உயரலாம். அறிகுறிகள், இசிஜி, இரு பரிசோதனைகளுக்கு இடையிலான அளவு மாற்றம் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்தே மருத்துவர் முடிவு செய்வார்.

இசிஜியிலேயே இரத்தக்குழாய் முழு அடைப்புக்கான மாற்றங்கள் தெளிவாகத் தெரிந்தால், ட்ரோபோனின் முடிவுக்காகக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தோ ஆஞ்சியோபிளாஸ்டியோ எவ்வளவு விரைவாக அளிக்கப்படுகிறதோ, அவ்வளவு இதயத் தசை காப்பாற்றப்படும்.

நோயாளியும் உறவினரும் செய்ய வேண்டியவை

• வலி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் தெரிவிக்கவும். முதல் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்நேரமே தீர்மானிக்கிறது.
• சர்க்கரை நோய், சிறுநீரக நோய், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கூறவும்.
• மறு பரிசோதனை எப்போது என்பதைக் கேட்டறியவும். அதுவரை மருத்துவமனையிலேயே இருக்கவும்.
• சர்க்கரை நோயாளிகள், முதியோர், பெண்கள் ஆகியோருக்கு நெஞ்சுவலியின்றி மூச்சுத்திணறல், வியர்வை, மேல்வயிற்று வலி மட்டுமே தோன்றலாம். இவற்றை வாயுத் தொல்லை எனக் கருதித் தாமதிக்க வேண்டாம்.

இவ்வறிகுறிகள் தோன்றினால், தாமே வாகனம் ஓட்டிச் செல்லாமல், உடனே 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கவும்.