சாரிட்டி பட்லருக்கு எதிரே நின்ற வழக்கறிஞர்

பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்த செர்ஜன்ட்–ராவ்ல் அறிக்கைகளின் 7ஆம் தொகுதி. 378ஆம் பக்கத்தில் தொடங்குகிறது 1821ஆம் ஆண்டின் ‘பட்லர் எதிர் டெலப்ளேன்’ வழக்கு. நான் தேடிப் போனது சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண்ணை. தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டு நீதிமன்றம் ஏறியவர் அவர்.

அம்மாநிலத்தின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியூர்க்காரர் தம் அடிமையை அங்கே ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அடிமைக்கு விடுதலை. மேரிலாந்திலிருந்து எசமானர் வீட்டாரோடு வந்து வந்து தங்கிய நாட்களைக் கூட்டிக் காட்டியது சாரிட்டி தரப்பு. விட்டுவிட்டுத் தங்கியதைக் கூட்டக் கூடாது, ஒரே மூச்சாக ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். நீதிமன்றம் அதை ஏற்றது. தாயும் பிள்ளைகளும் மீளவில்லை.

அந்த வழக்கறிஞர் யார் என்று பார்த்தபோது கை நின்றுவிட்டது: தாடியஸ் ஸ்டீவன்ஸ். அடிமை முறையை ஒழிக்க அமெரிக்கக் காங்கிரஸில் முன்னின்று போராடிய அதே ஸ்டீவன்ஸ்!

அங்கிருந்து அவருடைய தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். 1823இல் கெட்டிஸ்பர்க் நகரின் சுதந்திர தின விருந்தில், அடுத்த குடியரசுத் தலைவர் எந்த அடிமைக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று வாழ்த்துகிறார். 1833இல் மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைகிறார். கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்த 1838ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பில் கையெழுத்திட மறுக்கிறார். 1851இல், தப்பிவந்த அடிமைகளைப் பிடிக்கவந்தவர் கொல்லப்பட்ட கிறிஸ்டியானா வழக்கில் காஸ்ட்னர் ஹான்வேக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர். ஹான்வே விடுதலையானார்.

1821ஆம் ஆண்டு வெற்றி அவர் மனத்தைக் குடைந்தது என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு ஆண்டு இடைவெளியை வைத்து ஒரு மனிதனின் உள்ளத்தை எழுத முடியாது. ஆனால் சாரிட்டியின் பெயரை விட்டுவிட்டு ஸ்டீவன்ஸின் வாழ்க்கையை எழுதுவதும் நேர்மையாகாது.

1866 ஜூன் 13 அன்று அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் காங்கிரஸின் கீழவையில் இறுதி வாக்கெடுப்புக்கு வருகிறது. அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகனே என்ற வாக்கியம் ஸ்டீவன்ஸ் எழுதியதன்று, செனட்டில் சேர்ந்தது. அந்த விதி இருந்தால், யார் எங்கே எத்தனை மாதம் தங்கினார் என்று எண்ணவே வேண்டியதில்லை. திருத்தம் தான் கனவு கண்ட அளவுக்கு இல்லை என்று அவையில் வெளிப்படையாகவே வருந்திவிட்டு, ஆதரவு கேட்கிறார் ஸ்டீவன்ஸ். 120 பேர் ஆதரித்தார்கள், 32 பேர் எதிர்த்தார்கள்.