மலாக்கா கோட்டை: தீவாக இருந்த நகரம் ஆற்றோரப் பூங்காவான கதை – எஞ்சியது எது, திரும்பக் கட்டியது எது?

பள்ளி விடுமுறையில் மஸ்ஜித் தானா, அலோர் காஜா பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பண்டார் ஹிலிர் போகிறீர்கள். "அ ஃபமோசா கோட்டை" என்று கேட்டால் எல்லாரும் ஒரே இடத்தைத்தான் காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் அங்கே நிற்பது ஒரே ஒரு கல் வாசல். "இவ்வளவுதானா? கோட்டை எங்கே போச்சு?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

சுருக்கமான பதில்: நீங்கள் நிற்கும் இடமே கோட்டைதான். அந்த வாசல், அதற்குப் பின்னால் இருக்கும் குன்று, அந்தப் பக்கம் ஓடும் ஆற்றின் கரை எல்லாம் ஒரு காலத்தில் மதிலுக்குள் இருந்தவை. சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த தீவு போன்ற நகரம் அது. விரிவான பதில் கீழே.

முதலில் சில முக்கியத் தகவல்கள்

• கோட்டையைக் கட்டத் தொடங்கியவர்கள் போர்த்துகீசியர்கள், 1511-இல்.
• 1641-இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி, பழுதுபார்த்துப் பலப்படுத்தினார்கள்.
• 1807-இல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள்.
• இன்று நிற்கும் பழைய வாசல் போர்தா டி சந்தியாகோ மட்டும்தான். ஆற்றோரத்தில் இருக்கும் மிடல்பர்க் கொத்தளம், 2006-க்குப் பிறகு பழைய அடித்தளத்தின் மேல் திரும்பக் கட்டப்பட்டது.

ஆற்றின் வாயில் ஏன் கோட்டை?

15-ஆம் நூற்றாண்டில் மலாக்கா உலகப் பெருந்துறைமுகங்களில் ஒன்று. குஜராத், சோழமண்டலக் கரை, சீனா, ஜாவா என்று எல்லாத் திசைகளிலிருந்தும் கப்பல்கள் வந்தன. சரக்கெல்லாம் மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில்தான் இறங்கும். அந்த வாயைக் கையில் வைத்திருப்பவர் வணிகத்தையே கையில் வைத்திருப்பார்.

1511 ஆகஸ்டில் அஃபோன்சோ டி அல்புகெர்க் தலைமையில் வந்த போர்த்துகீசியர்கள் நகரத்தைப் பிடித்தார்கள். ஆற்றின் இரு கரைகளையும் இணைத்த பாலத்தை யார் பிடிப்பது என்பதில்தான் கடும் சண்டை நடந்தது. பிடித்த கையோடு ஆற்றின் தென்கிழக்குக் கரையில், குன்றின் அடிவாரத்தில் கோட்டை வேலையைத் தொடங்கிவிட்டார்கள். "அ ஃபமோசா" என்றால் போர்த்துகீசிய மொழியில் "புகழ்பெற்றது" என்று பொருள்.

கல்லுக்கு எங்கே போனார்கள்? பள்ளிவாசலையும் சுல்தான்களின் கல்லறைகளையும் பெயர்த்து எடுத்தார்கள். மலாக்காவுக்கு எதிரே கடலில் இருக்கும் பூலாவ் உப்பே தீவிலிருந்து செம்புரைக்கல் வெட்டி வந்தார்கள். சுல்தானிடம் அடிமைகளாக இருந்தவர்களையே வேலைக்கு இறக்கினார்கள்.

தொடக்கத்தில் அது கடலோரத்துக் கோட்டை மட்டுமே. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மதில் வளர்ந்து குன்றையே சுற்றி வளைத்துவிட்டது. உள்ளே தேவாலயங்கள், மருத்துவமனை, அதிகாரிகளின் வீடுகள் எல்லாம் இருந்தன. ஆசியர்களில் பெரும்பாலோர் மதிலுக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்ந்தார்கள்.

இதில் தமிழர்கள் எங்கே வருகிறார்கள்?

முதல் நாளிலிருந்தே வருகிறார்கள். போர்த்துகீசிய ஆவணங்களில் "நினா சாத்து" என்று ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். நயினா செட்டி என்ற பெயரின் திரிபு அது என்று கருதப்படுகிறது. மலாக்காவில் பெரும் செல்வாக்கோடு இருந்த தமிழ் வணிகர் இவர். 1509-இல் வந்த முதல் போர்த்துகீசியக் குழுவில் சிலர் சுல்தானிடம் சிறைப்பட்டபோது அவர்களுக்கு உதவினார். நகரம் கைமாறியதும் அதற்குப் பரிசாக இவருக்கு பெண்டஹாரா பதவி கிடைத்தது.

ஆனால் 1514-இல் அந்தப் பதவியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுக்க முடிவானது. அவமானம் தாங்காமல் அவர் தீயில் இறங்கி உயிர்விட்டார் என்று அக்காலத்துப் பதிவுகள் சொல்கின்றன. இவரைத் துரோகி என்பவர்களும் உண்டு, இரண்டு ஆட்சிகளுக்கு இடையே சிக்கிய வணிகர் என்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், கோட்டை வளாகத்தில் இவர் பெயர் நம் காதில் விழுவது அரிது.

அது எப்படித் தீவாக மாறியது?

பல மாத முற்றுகைக்குப் பிறகு, 1641 ஜனவரியில் டச்சுக்காரர்கள் ஜொகூரின் துணையோடு மலாக்காவைக் கைப்பற்றினார்கள். பீரங்கிக் குண்டு பட்டுச் சிதைந்த மதில்களைச் சரிசெய்து, கொத்தளங்களுக்குத் தங்கள் நாட்டுப் பெயர்களைச் சூட்டினார்கள். மிடல்பர்க் என்பதும் நெதர்லாந்தில் இருக்கும் ஒரு நகரத்தின் பெயர்தான்.

கொத்தளம் என்றால் என்ன? மதிலின் மூலைகளில் வெளியே முக்கோணமாக நீட்டிக்கொண்டிருக்கும் மேடை. அங்கே பீரங்கியை வைத்தால் மதிலை ஒட்டி வருகிற எதிரியைப் பக்கவாட்டிலிருந்தே சுடலாம். "கோட்டை கொத்தளம்" என்று நாம் சேர்த்துச் சொல்கிறோமே, அதே கொத்தளம்தான்.

கோட்டையின் ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் கடல். மீதி இருந்தது நிலப்பக்கம். அங்கே அகழி வெட்டித் தண்ணீரை விட்டார்கள். அதோடு கோட்டை நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த தீவாகிவிட்டது. உள்ளே போக வேண்டுமென்றால் பாலத்தைக் கடக்க வேண்டும். இன்று அகழி இல்லை, அது தூர்க்கப்பட்டுவிட்டது. கடலும் தள்ளிப் போய்விட்டது. அதனால்தான் "தீவு" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

யார் இடித்தார்கள், ஏன்?

ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்ததால், 1795-இல் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆனால் இதை என்றைக்காவது டச்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கொடுத்தால் இவ்வளவு பலமான கோட்டை போட்டியாளர் கைக்குப் போய்விடும். பினாங்கின் வணிகத்துக்கும் மலாக்கா போட்டியாக நிற்கும். ஆகவே "இடித்துவிடுவோம்" என்று கிழக்கிந்தியக் கம்பெனி முடிவெடுத்தது.

1807-இல் வேலையை நடத்தியவர் அப்போது மலாக்காவின் பொறுப்பில் இருந்த வில்லியம் ஃபார்குவார். கடப்பாரைக்கும் மண்வெட்டிக்கும் மதில் அசையவில்லை. கடைசியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். அப்போது சிறுவனாக இருந்த முன்ஷி அப்துல்லா பிற்காலத்தில் எழுதிய "ஹிகாயத் அப்துல்லா" நூலில் இதை விவரித்திருக்கிறார். யானை அளவு கற்கள் பறந்து கடலில் விழுந்ததையும், கோட்டையில் பேய் இருக்கிறது என்று வேலையாட்கள் பயந்ததையும், கோட்டை போனதோடு மலாக்காவின் அழகே போய்விட்டதென்று மக்கள் வருந்தியதையும் அதில் படிக்கலாம். நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றப்படும் அப்துல்லாவின் முன்னோர்களில் தமிழர்களும் உண்டு.

ஒரே ஒரு வாசல் மட்டும் தப்பியது. அதைக் காப்பாற்றியவர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மலாக்காவைக் கைவிடக் கூடாது என்று 1808-இல் அவர் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது உண்மை.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

ஏறக்குறைய அதே காலத்தில் ஐரோப்பாவிலும் நகர மதில்கள் இடிந்துகொண்டிருந்தன. ஜெர்மனியின் பிரேமன் நகரம் 1802-இல் மதிலை அகற்றத் தொடங்கியது. ஆனால் அகழியைத் தூர்க்காமல் மரம் நட்டு, நடைபாதை போட்டுப் பொதுப் பூங்காவாக மாற்றியது. இன்றும் அந்தப் பூங்காவின் நீர்நிலை வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு வளைவும் ஒரு பழைய கொத்தளம் இருந்த இடம். டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இருக்கும் புகழ்பெற்ற திவோலி கேளிக்கைப் பூங்காவின் ஏரியும் பழைய அகழியின் மிச்சம்தான்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் வேலூர்க் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். மதில் முழுசாக நிற்கிறது, அகழியில் தண்ணீரும் இருக்கிறது. 1806-இல் சிப்பாய்கள் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த இடம் அது. அடுத்த ஆண்டே அதே கம்பெனி மலாக்காக் கோட்டையை இடித்தது.

வேறுபாடு இதுதான்: பிரேமன் மதிலை இடித்தது, தண்ணீரை வைத்துக்கொண்டது. வேலூரில் இரண்டுமே தப்பின. மலாக்காவில் இரண்டும் போயின.

இப்போது பார்ப்பதில் எது அசல்?

போர்தா டி சந்தியாகோ: அசல். வளைவுக்கு மேலே 1670 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும் இருக்கும். அதில் உள்ள வி.ஓ.சி. என்ற எழுத்துகளைப் பார்த்துவிட்டு நம்ம கப்பலோட்டிய தமிழர் என்று நினைத்துவிடாதீர்கள், அது அந்தக் கம்பெனியின் டச்சுப் பெயர்ச் சுருக்கம். வாசல் போர்த்துகீசியர் காலத்தது, முத்திரை டச்சுக்காரர் பதித்தது.

செயின்ட் பால் குன்று: மேலே இருக்கும் கூரையில்லாத தேவாலயம் 1521-இல் சிற்றாலயமாகத் தொடங்கியது. புனித பிரான்சிஸ் சேவியரின் உடல் 1553-இல் கோவாவுக்குக் கொண்டு போகப்படும் முன் சில மாதங்கள் இங்கே வைக்கப்பட்டிருந்தது. சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் கல்லறைக் கற்களும் பழையவை.

ஸ்டாட்ஹைஸ்: சிவப்பு நிறக் கட்டடம். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் மதிலுக்குள் கட்டியது.

மிடல்பர்க் கொத்தளம்: அடித்தளம் அசல், மேலே தெரிவது புதுசு. ஆற்றோர நடைபாதையில் நடப்பவர்கள் ஏறிப் பார்க்கும் பீரங்கி மேடை இது.

அருகில் இருக்கும் பெரிய நீர்ச்சக்கரமும், குன்றின் மறுபக்க அடிவாரத்தில் இருக்கும் சுல்தான் அரண்மனையும் மறு உருவாக்கங்கள்தான்.

புதுசு என்பதால் பார்க்கக் கூடாதென்று இல்லை. மதில் எவ்வளவு உயரம், ஆற்றை எப்படிக் கண்காணித்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க மிடல்பர்க் நல்ல இடம். எது பழசு, எது புதுசு என்று தெரிந்து பார்த்தால் போதும்.

தோண்டினால் கோட்டை

இடித்தது தரைக்கு மேலே இருந்ததைத்தான். அடித்தளத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. டத்தாரான் பஹ்லாவான் கட்டுமானத்தின்போது கோட்டையின் பகுதிகள் என்று நம்பப்படும் கட்டுமானங்கள் தென்பட்டன. 2006 நவம்பரில், 110 மீட்டர் சுழல் கோபுரத்துக்காகத் தோண்டியபோது மிடல்பர்க் கொத்தளம் வெளிப்பட்டது. கோபுரத் திட்டத்தையே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். இன்று நீங்கள் ஏறிப் பார்க்கும் மெனாரா தாமிங் சாரி அதுதான்.

கவனியுங்கள், இரண்டுமே ஆய்வுக்காகத் தோண்டியபோது கிடைத்தவை அல்ல. கட்டுமான வேலையில் தற்செயலாகக் கிடைத்தவை. 2008 ஜூலை 7-ஆம் தேதி ஜோர்ஜ்டவுனோடு சேர்த்து மலாக்காவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்குப் பிறகு பழைய நகரப் பகுதியில் ஒவ்வொரு புதுக் கட்டடத்துக்கும் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும்: அடியில் என்ன இருக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது? 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்படி (சட்டம் 645), பாரம்பரியப் பொருள் என்று நம்பத்தக்க எதையாவது கண்டெடுத்தால் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். குத்தகையாளருக்கு மட்டுமல்ல, வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டுகிறவருக்கும் இது பொருந்தும்.

கடல் எங்கே போச்சு?

பழைய ஓவியங்களில் கோட்டையின் காலடியில் அலை அடிக்கும். இன்று வாசலில் நின்றால் பேரங்காடிகள்தான் தெரியும். கடலை மண்ணால் நிரப்பி நிலம் எடுத்ததால் கரை வெகுதூரம் தள்ளிப் போய்விட்டது. 1956 பிப்ரவரி 20-இல் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத் தேதியை அறிவித்த திடலும் இதே வாசலுக்கு எதிரேதான் இருக்கிறது. கடல் தெரியாத இடத்தில் ஒரு கடற்கோட்டை ஏன் இருந்தது என்று இளைய தலைமுறைக்குப் புரியாததில் வியப்பில்லை.

மஸ்ஜித் தானாகாரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்

கோட்டை பார்க்க நகரத்துக்கே போக வேண்டும் என்றில்லை. மஸ்ஜித் தானாவுக்கு அருகே, லிங்கி ஆறு கடலில் கலக்கும் கோலா லிங்கியில் 18-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றின் எச்சங்கள் உண்டு. கோத்தா கோலா லிங்கி என்றும் ஃபிலிப்பினா கோட்டை என்றும் அழைப்பார்கள். ஆற்று வழியே இறங்கிவந்த ஈய வணிகத்தைக் கட்டுப்படுத்த டச்சுக்காரர்கள் பயன்படுத்திய இடம். அங்கே வாசலில் கூட்டம் இருக்காது. ஆனால் ஆற்றின் வாயைப் பிடித்தவர் வணிகத்தைப் பிடித்தார் என்பது பண்டார் ஹிலிரைவிட அங்கே நின்றால் கண்ணுக்கே தெரியும். காரணம், அங்கே ஆறும் கடலும் இன்னும் அதே இடத்தில் இருக்கின்றன.

அடுத்த முறை போகும்போது

வாசலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஸ்டாட்ஹைஸிலிருந்து ஆற்றோரமாக மிடல்பர்க் கொத்தளத்துக்கு நடங்கள். அங்கிருந்து குன்றைச் சுற்றிப் போகும் ஜாலான் கோத்தா வழியாக வாசலுக்கு வாருங்கள். "கோத்தா" என்றாலே கோட்டை, சாலையின் பெயரிலேயே மதில் இருக்கிறது. பிறகு குன்றின் மேல் ஏறுங்கள். ஆறு ஒரு பக்கம், கடல் மறுபக்கம், அகழி பின்பக்கம் என்று பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டுங்கள். அவர்கள் கேட்ட கோட்டை, அவர்கள் காலுக்கடியில்தான் இருக்கிறது.