பந்தியும் அறையும்

வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்துவந்தது. தேசத் தொண்டர்களை வளர்க்க எழுந்த அந்த உறைவிடப் பள்ளியில் பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியே சோறு பரிமாறினார்கள். பெற்றோர் விருப்பம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை ஏற்கவில்லை. ஊரார் பணத்தில் நடக்கும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே பந்தி என்று வாதாடினார்கள். 1925-இல் முற்றிய அந்தப் பூசல் தமிழக அரசியலின் போக்கையே திருப்பிவிட்டது.

இன்றைய கல்லூரி விடுதியின் சமத்துவத்தையும் நான் அங்கேதான் தேடுவேன்: மெஸ்ஸில் யார் யாரோடு உட்காருகிறார்கள், எந்தத் தளத்தில் யார் தங்கியிருக்கிறார்கள் என்பதில்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி பற்றி சுகதேவ் தோரட் குழு 2007-இல் அளித்த அறிக்கை இதற்குக் கசப்பான சான்று. பட்டியலின, பழங்குடி மாணவர்கள் விடுதிகளின் மேல்தளங்களில் ஒதுங்கி வாழ்வதை அக்குழு கண்டது. அவர்களை அங்கே போகச் சொல்லி எந்த ஆணையும் இல்லை. ஏச்சும் தொல்லையும் தாங்காமல் தாங்களாகவே அறை மாறியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அவரவர் விருப்பமாகத் தோன்றும். சேரன்மாதேவியிலும் 'விருப்பம்' என்ற சொல்தானே முன்னே நின்றது! அதனால்தான், அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நிர்வாகம் இருந்துவிடக் கூடாது என்கிறேன். ஒரு மாணவர் அறை மாற விண்ணப்பித்தால், காப்பாளர் அவரைத் தனியே அழைத்துக் காரணம் கேட்க வேண்டும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, தமிழகம் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-இல் ராகிங்குக்கு எதிராகவும், 2012-இல் பாகுபாட்டுக்கு எதிராகவும் விதிகள் வகுத்தது. ஆனால் இரவு பதினோரு மணிக்கு அழுதுகொண்டிருக்கும் முதலாண்டு மாணவியின் கதவைத் தட்டிப் பேச ஒரு மனிதர் வேண்டும். வகுப்புச் சுமையோடு காப்பாளர் பொறுப்பையும் சுமக்கும் ஆசிரியரால் அது முடியாது. முழுநேரக் காப்பாளர்களை நியமிக்க வேண்டும்.

மெஸ் கமிட்டியில் முதலாண்டு மாணவர்களுக்கும் இடம் கொடுங்கள். சைவம், அசைவம் அவரவர் விருப்பப்படி இருக்கட்டும். மேசை பொதுவாக இருக்க வேண்டும். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களே, அடுத்த முறை விடுதிக்கு வரும்போது புதுக் கட்டடத்தைப் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். மெஸ்ஸில் அமர்ந்து பிள்ளைகளோடு ஒருவேளை சாப்பிடுங்கள். அங்கே யாராவது தனியே அமர்ந்திருந்தால், காரணத்தைக் காப்பாளரிடம் கேளுங்கள்.