ஒரு படிவம் பிறந்த கதை

இலங்கைப் பெண் ஒருத்தி மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போவதென்றால், 2013இன் நடுப்பகுதியிலிருந்து 'குடும்பப் பின்னணி அறிக்கை' வேண்டும் என்றாகிவிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அப்போது போக முடியாது என்றிருந்தது. அதற்கு மூத்த பிள்ளைகள் என்றால், அவர்களை யார் பார்ப்பார் என்று எழுதிக் காட்டவேண்டியிருந்தது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைந்து கையொப்பம் வாங்கவேண்டியிருந்தது. கணவன் சவூதிக்குச் சாரதியாகப் போனால் அவனிடம் யாரும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்தப் படிவம் பிறந்த இடம் அரசாங்கக் கந்தோர்தான். ஆனால் கரு உண்டானது பத்திரிகைப் பக்கங்களில். பல வருடங்களாக அங்கே இரண்டே கதைகள். ஒன்று, உடம்பெல்லாம் காயத்தோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கும் பெண். மற்றது, தாய் வெளிநாட்டில், தகப்பன் குடியில், பிள்ளை சீரழிந்தது. முதற்கதையில் அவள் அப்பாவி, இரண்டாவதில் குற்றவாளி. சம்பளத்தைப் பிடித்து வைத்த எசமானும் கமிஷன் வாங்கிய ஏஜெண்டும் ஓரிரு வரிகளோடு தப்பிவிடுவார்கள். குடித்த தகப்பனும் அப்படித்தான்.

2007 மார்ச்சில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாடு போவதைத் தடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்ப, அது நடைமுறைக்கு வரவில்லை.

பிறகு மூதூர் றிசானா நபீக். 2005இல் சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போனபோது அவளுக்கு வயது 17, கடவுச்சீட்டில் 23. அவளது பராமரிப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. அவள்மீதான கொலை விசாரணையின் தொடக்கத்தில் வழக்கறிஞர் இல்லை, மொழிபெயர்ப்பும் ஒழுங்கில்லை. 2013 ஜனவரி 9இல் சவூதியில் அவளது தலை துண்டிக்கப்பட்டது. நாடு அழுதது, பத்திரிகைகளும் அழுதன. அந்த வருடமே சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 25 ஆனது, அறிக்கையும் வந்தது.

றிசானாவுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. அந்தப் படிவம் முன்பே இருந்திருந்தாலும் அவளைத் தடுத்திருக்காது. 17ஐ 23 ஆக்கியவனுக்கு 25 ஆக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? பிழை நடந்தது கடவுச்சீட்டிலும் நீதிமன்றத்திலும். கேள்வி போனதோ ஊரில் இருக்கும் தாய்மாரிடம். கண்ணீர்க் கதையையும் பொறுப்பில்லாத தாயின் கதையையும் பக்கத்துப் பக்கமாக வாசித்துப் பழகிய நாட்டுக்கு இந்த முரண் உறுத்தவில்லை.

2022இல் நாட்டின் கையில் டொலர் தீர்ந்தது, இந்தப் பெண்கள் அனுப்பும் பணம் தேவைப்பட்டது. அந்த ஜூனில் அமைச்சரவை பணிப்பெண்களின் குறைந்தபட்ச வயதை 21க்கு இறக்கியது. சவூதிக்கும் அதே 21தான்.