59-ஆ, 60-ஆ? ராட்போர்ன் கணக்கு

பேஸ்பாலில் எனக்கு ஆட்டத்தைவிட அதன் கணக்குப் புத்தகம்தான் ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்த அணியின் ஒரு பிட்சருக்கு 'வெற்றி', தோற்ற அணியின் ஒருவருக்குத் 'தோல்வி' என்று எழுதுவார்கள். இப்போதெல்லாம் ஒரு சீசனில் 20 வெற்றி எடுத்தாலே பெரிய விஷயம். 1901-க்குப் பிறகான சாதனை ஜாக் செஸ்ப்ரோ 1904-ல் எடுத்த 41. அதற்கும் 20 வருஷம் முன்னாடி, பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் சார்லஸ் 'ஓல்டு ஹாஸ்' ராட்போர்ன் எடுத்தது 59. இன்னொரு பட்டியலைப் பார்த்தால் 60. என்னடா இது, ஒரே ஆள், ஒரே சீசன், ரெண்டு எண்ணா என்றுதான் தோண்ட ஆரம்பித்தேன்.

1884-ல் பேஸ்பாலே வேற. பிட்சர் நின்ற கட்டத்தின் முன்கோடு 50 அடியில்தான் இருந்தது; இன்றைய 60 அடி 6 அங்குலம் 1893-ல் வந்தது. தோளுக்கு மேலே கை ஓங்கி வீச நேஷனல் லீக் அனுமதித்ததே அந்த வருஷம்தான். ஒரு அணிக்கு ரெண்டு பிட்சர் இருந்தால் போதும்.

பிராவிடன்ஸின் அந்த ரெண்டு பேர் ராட்போர்னும் சார்லி ஸ்வீனியும். ஸ்வீனி இளைஞன், ஜூன் 7 அன்று பாஸ்டனுக்கு எதிராக 19 பேரை ஸ்டிரைக்-அவுட் செய்தவன். ரெண்டு பேருக்கும் ஆகாது. ஜூலையில் முதலில் ராட்போர்னை அணி சஸ்பெண்ட் செய்தது. ஜூலை 22 அன்று ஆட்டத்தின் நடுவே, வேறு இடத்துக்குப் போய் ஃபீல்டிங் செய்யச் சொன்ன மேனேஜரிடம் சண்டை போட்டுவிட்டு ஸ்வீனி மைதானத்தை விட்டே போய்விட்டான். எட்டு பேரோடு ஆடித் தோற்றார்கள். ஸ்வீனியை நீக்கியாச்சு. இப்போ பந்து வீச ஆள்?

ராட்போர்ன் பேரம் பேசினார்: மிச்ச ஆட்டங்களை நானே வீசுறேன், கூடுதல் பணம் வேணும், சீசன் முடிந்ததும் என்னை விடுவிக்கணும். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் ஆட்டக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வேறு கிளப் எடுக்க முடியாது. அதனால் 'விடுதலை' என்பது காசைவிடப் பெரியது. அடுத்த 43 ஆட்டங்களில் 40-ஐ அவர்தான் தொடங்கினார், 36 ஜெயித்தார். சீசன் முழுக்க 678.2 இன்னிங்ஸ், 441 ஸ்டிரைக்-அவுட். தொடங்கிய 73 ஆட்டத்தையும் அவரே முடித்தார். அணி ஜெயித்தது மொத்தம் 84.

சரி, அந்த ஒண்ணு எங்கே? ஜூலை 28, பிலடெல்பியா. சைக்ளோன் மில்லர் ஐந்து இன்னிங்ஸ் வீசி, அணி முன்னிலையில் இருக்கும்போது ராட்போர்னிடம் விட்டார். ராட்போர்ன் மிச்ச நாலு இன்னிங்ஸில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. 11-4. நன்றாக வீசியவர் ராட்போர்ன்தான் என்று ஸ்கோரர் வெற்றியை அவருக்கே கொடுத்தார். இன்றைய விதிப்படி அது மில்லருடையது.

இது எனக்கு வேலையில் பழகின சிக்கல். ஒரு தடவை வட்டி விதியை மாற்றி, யோசிக்காமல் பழைய வருஷங்கள் மேலேயும் ஓட்டிவிட்டேன். வாடிக்கையாளர் கையில் இருந்த ரசீதும் திரையில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. கணக்கு சரி, ஆனால் பதிவு தப்பு. நடந்த அன்றைக்கு இருந்த விதிதான் அந்தப் பதிவுக்கு விதி என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். அதனால் என் ஓட்டு 60-க்கு.

ஆனால் மில்லரையும் மறக்கக்கூடாது. ஐந்து இன்னிங்ஸ் வீசிய மனுஷன். 60 என்று எழுதினால் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதுவதுதான் நியாயம்.

அந்த அக்டோபரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸுக்கு எதிரான மூன்று ஆட்டங்களையும் ராட்போர்னே வீசி ஜெயித்தார். அப்புறம்? அத்தனை பேரம் பேசி வாங்கிய விடுதலையைப் பயன்படுத்தாமல் அதே அணியிலேயே மறுபடி கையெழுத்துப் போட்டார். 1885-க்குப் பிறகு அணியே இல்லாமல் போனது. 1897-ல், 42 வயதில், இலினாய் மாநிலத்தின் ப்ளூமிங்டனில் இறந்தார். 1939-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்து ஒரு பலகை வைத்தார்கள். அதில் அவர் பெயரின் கடைசியில் ஒரு 'ஈ' எழுத்து கூடுதல். வெற்றிக் கணக்கில் ஒண்ணு குறையும் மனுஷனுக்குப் பெயரில் ஒண்ணு கூடியிருக்கிறது!